கறுக்காத மிஞ்சி

நான் வாழ்க்கைப்பட்டு வந்த இடத்தில் என்னை முதலில் வரவேற்றது நாற்றம்தான். ஆரத்தித் தட்டோடு ஆள் வருவதற்கு முன்னால் அது வந்துவிட்டது. அழுகின முட்டையை யாரோ வண்டிக்குள் உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, கூறைச் சேலையை உதறி உதறிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், என் காதுப்பக்கம் குனிந்து, "அது நம்ம ஊத்து" என்றார். நம்ம தென்னந்தோப்பு, நம்ம கரும்புக்காடு என்று சொல்கிற மாதிரி அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

நான் பிறந்தது கெங்குவார்பட்டியில். அங்கேயிருந்து தேனிக்கு ஒரு மோட்டார் பஸ், தேனியிலிருந்து இன்னொரு பஸ், அனுமந்தன்பட்டியில் இறங்கி மேற்கே மலையடிவாரம் வரைக்கும் மாட்டுவண்டி. அடிவாரத்துப் பாறை இடுக்கிலிருந்து அந்த ஊற்று வருஷம் பூராவும் வற்றாமல் வந்துகொண்டிருந்தது. பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான். மார்கழிக் காலையில் தொட்டால் லேசாகச் சுடும். விழுகிற இடத்தில் பாறையெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். அடியில் வெள்ளை நூல் மாதிரி பாசி ஆடிக்கொண்டிருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவைத்த கல் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிறைந்து, கீழே வாய்க்காலாக ஓடும். எங்கள் தோட்டத்து வேலி அந்தத் தொட்டியை ஒட்டிப் போனதால், ஊற்றுக்கு வருகிற சனமெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

வந்த வாரமே என் கொலுசும் மிஞ்சியும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போயின. கால்விரலில் கிடந்த மிஞ்சியைத் தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுத்தது. எங்கள் அப்பாவை எந்த ஆசாரியோ ஏமாற்றிவிட்டான், இனிமேல் இந்த வீட்டில் என் தலை நிமிருமா என்று அழுதேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தத் தண்ணி பட்டா எந்த வெள்ளியும் கறுத்துத்தான் போகும். இங்கன அதுக்கு ஒரு பேச்சு இருக்கு. ஒடம்புல இருக்குற நோய் வெள்ளியில எறங்கிருச்சும்பாக."

"எனக்கென்ன நோய்?" என்றேன்.

"வாய்க்கொழுப்பு. எறங்குதுன்னு நெனச்சேன். எறங்கக் காணோமே" என்றார். அவரோடு அப்படித்தான் காலம் தள்ளினேன்.

போடிக்கு ரயில் வந்த பிறகு ஊற்றுக்குக் கூட்டம் ஏறிவிட்டது. அதுவரை 'நாத்த ஊத்து' என்று இருந்தது, 'கந்தகத் தீர்த்தம்' ஆகிவிட்டது. தீர்த்தமாம்! செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் வேலி ஓரம் முழுக்க வண்டி அவிழ்த்துப் போட்டிருப்பார்கள். சின்னமனூரிலிருந்து, கம்பத்திலிருந்து, மலைக்கு மேலே குமுளியிலிருந்துகூட வந்தார்கள். மலையாளத்து அம்மாக்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து இறங்கி, "நல்ல வெள்ளமாணு" என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தரம் எஸ்டேட் துரை ஒருவர் காரில் துரைசாணியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. துரை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, தோட்டத்து வேலி ஓரம் போய் அத்தனையையும் வாந்தி எடுத்தார். அதைப் பார்ப்பதற்கென்றே அடுத்த வாரம் கூட்டம் வந்தது.

ஒரு பக்கம் பஜ்ஜிக் கடை, காப்பிக் கடை, வளையல் கடை. இன்னொரு பக்கம் சொறி, சிரங்கு, படை, கால் வீக்கம் என்று உண்மையாகவே கஷ்டப்பட்டு வந்தவர்கள். காலையில் பெண்கள் குளிப்பார்கள். வெயில் மருதமரத்தைத் தாண்டிய பிறகு ஆண்கள். சில சனத்தைத் தொட்டியில் இறங்கவிடாமல் கீழே வாய்க்காலில்தான் குளிக்கவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். யாருக்கு வந்தாலும் சிரங்கு ஒரே சிரங்குதானே என்று ஒரு நாள் கேட்டதற்கு, ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைதார்கள்.

தங்கிக் குளிக்கிறவர்களுக்காகத் தோட்டத்து ஓரம் நாலைந்து ஓலைக் குடிசை போட்டு வைத்திருந்தோம். போகும்போது நெல்லோ மொச்சையோ கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் கையிலோ கழுத்திலோ ஒரு வெள்ளியைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். இல்லாதவர்களுக்கு விற்பதற்கென்றே ஒருவன் வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கறுத்தால் நோய் இறங்கிவிட்டது. குலவை போட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள். அது தண்ணீரின் குணம், நோயில்லாதவள் வெள்ளியும் கறுக்கும் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று என்னைத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

என் மகளுக்குப் பல் முளைக்கிற சமயத்தில் பொட்டிப்புரத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து என் வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கழுத்திலிருந்து முழங்கை வரை கரப்பான் புண் படர்ந்து, வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. சேலையால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். அவர்கள் ஊரில் அதைப் பெருநோய், குஷ்டம் என்று பேசிவிட்டார்களாம். நான் அந்த ஊற்றங்கரையில் எத்தனையோ உடம்பைப் பார்த்தவள். பார்த்தவுடனே இது அது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன்தான் வண்டியை ஓட்டி வந்தான். ஒல்லியாய், நெட்டையாய், எதற்கெடுத்தாலும் தலையைக் குனிந்துகொள்கிற ஆள். அரிசி மூட்டையையும் பருப்பையும் குடிசையில் இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் வந்து மண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க ஆத்தா ஒரே பிடியா நிக்கிது. மிஞ்சி கறுத்து வந்தாத்தான் இவள வீட்டுக்குள்ள சேப்பேங்குது. அதுவரைக்கும் பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிருச்சு."

"பிள்ளையா? எம்புட்டுப் பிள்ளை?"

"ஒண்ணரை வயசு. பயதான்."

திரும்பி அவளைப் பார்த்தேன். முந்தானை மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நானும் பால் கொடுக்கிறவள் இல்லையா. "மிஞ்சிதானே? ரெண்டு நாள்ல கறுத்துரும். நீ அடுத்த வெள்ளிக்கெழமை வண்டியக் கட்டிக்கிட்டு வந்துரு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவன் முகம் கொஞ்சமாவது மலர வேண்டுமே! தலையை இன்னும் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். என்ன மனுஷனோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் காலையிலும், ஆண்கள் போன பிறகு அந்தியிலும் குளித்தாள். ஊற்று மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். யாரோடும் ஒட்டவில்லை. என்னை மட்டும் "அக்கா" என்பாள், அதுவும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு. என் மகள் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். அவளுக்கு எப்படியோ அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. கண்டுவிட்டால் போதும், கையையும் காலையும் போட்டு விறுவிறுவென்று போவாள். அவளோ எழுந்து பாறை மேல் ஏறிக்கொள்வாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அக்கா, பிள்ளையத் தூக்குங்க, பிள்ளையத் தூக்குங்க" என்று பதறுவாள். ஆனால் கண் மட்டும் பிள்ளையை விட்டு அகலாது. ஒரு நாள் நான் வேண்டுமென்றே தூக்காமல் நின்றேன். அவள் பாறை மேலேயே அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை.

தண்ணீர் வேலை செய்தது. புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, இளந்தோல் வந்தது. கழுத்து சுத்தமாகிவிட்டது. ஆனால் மிஞ்சி கறுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கறுத்தது. குலவை போட்டுக்கொண்டு போனார்கள். இவள் மிஞ்சி மட்டும் லேசாக மங்கி, பழுப்படித்து, அதோடு நின்றுவிட்டது.

"அந்தக் கம்பிக்காரன்கிட்ட ஒரு துண்டு வாங்கிக் கட்டிப் பாரேன்" என்றேன். கட்டிப் பார்த்தாள். கம்பி மறுநாளே கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்தாவது நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவள் மூளை வேறு மாதிரி ஓடியது.

"கையில கட்டுன கம்பி கறுத்துருச்சு, கால்ல கெடக்குற மிஞ்சி கறுக்கல. அப்ப நோயி கைய விட்டுக் காலுக்குப் போயிருச்சு போல அக்கா. அங்கன போய்த் தங்கிருச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் ஊற்றுக் கண்ணிலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். குளிக்க வருகிறவர்கள், "ஏத்தா, கொஞ்சம் நகரு" என்றால் நகர்ந்து, அவர்கள் போனதும் திரும்பவும் வந்து வைத்துக்கொள்வாள். பாதம் ஊறி வெளுத்து, கிழவி பாதம் மாதிரி சுருங்கிப்போனது. பால் வற்றிவிட்டது. முந்தானை இப்போது நனைவதில்லை. அதை ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள், ஏதோ மழை நின்றுவிட்டது என்பது போல.

அந்த மிஞ்சி ஏன் கறுக்கவில்லை என்று எனக்கு எப்படிப் புலப்பட்டது என்று சொல்கிறேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன் வெள்ளி டம்ளர் வைத்திருந்தோம். பித்தளை, செம்பு, வெள்ளி எல்லாம் அந்தத் தண்ணீரில் கறுத்துப்போகும். ஜெர்மன் வெள்ளி பேருக்குத்தான் வெள்ளி. லேசாக மங்கிப் பழுப்பேறுமே தவிர, வெள்ளி மாதிரி கறுக்காது. ஒரு நாள் அந்த டம்ளரில் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது, பக்கத்தில் இருந்த அவள் காலைப் பார்த்தேன். அதே நிறம். டம்ளரைப் பார்த்தேன், மிஞ்சியைப் பார்த்தேன். இது வெள்ளியே இல்லை. இன்னும் பத்து வருஷம் ஊறினாலும் கறுக்காது. தாலி கட்டி, அம்மி மேல் காலைத் தூக்கி வைத்து, புருஷன் தன் கையால் போட்டுவிட்ட மிஞ்சி. அதை வெள்ளி இல்லையோ என்று சந்தேகப்படுகிற புத்தி அவளுக்கு எங்கேயிருந்து வரும்?

வீட்டுக்குள் போய் என் வீட்டுக்காரரிடம் குதித்தேன். இப்போதே போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லாத புள்ள" என்றார். "சொன்னா அவ மிஞ்சிய மட்டுமா பாப்பா? புருசன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் அது ஞாபகம் வரும். காலம் பூராவும் கெடந்து குடும்பம் பண்ணணும்ல."

"அதுக்காக? பிள்ளைய விட்டுப்போட்டு இங்கனயே ஊறிக்கிட்டுக் கெடக்கவா? மானமாவது மண்ணாங்கட்டியாவது!"

"கத்தாத. யோசிப்போம்."

யோசித்தார், யோசித்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் போய், "ஏ புள்ள, என் மிஞ்சியப் பாரு, எப்படிக் கறுத்துக் கெடக்கு. இதப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போ. ஒன்னோடத எங்கிட்டக் குடு. உங்க மாமியாளுக்கு என்ன தெரியப்போகுது" என்றேன். என் காலிலிருந்து கழற்றவே ஆரம்பித்துவிட்டேன்.

அவள் பதறிப்போய் என் கையைப் பிடிக்க வந்து, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். "கழத்தாதீக அக்கா! உங்க வீட்டுக்காரவுக போட்டது. அத நான் போடவா? எங்க வீட்டுக்காரவுக போட்டத நீங்க போடவா? எம் பிள்ளை மேல சத்தியமா வேணாம்."

அவள் சொன்னதும் நியாயம்தான். மிஞ்சியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் அவள் புருஷன் வராமல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வருவான். அரிசி கொண்டு வருவான், முறுக்கு வாங்கி வருவான், பிள்ளை நடக்கிறான் என்பான், நாயைப் பார்த்து 'ம்பா' என்கிறான் என்பான். அவள் அதையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். போகும்போது அவள் காலைக் காட்டுவாள். அவன் பார்க்காமலேயே "சரி, சரி" என்று எழுந்துவிடுவான். அடுத்த தரம் வந்தபோது நான் அவனை விடவில்லை. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட எங்கள் கிணற்றடிக்கு வந்தவனை மறித்துக்கொண்டேன்.

"ஏய்யா, அது வெள்ளியா?"

அவன் மாட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எனக்கு எங்கேயோ போய்விட்டது.

"அந்த வருசம் வெள்ளாமையே இல்லக்கா" என்றான். "ஆத்தாகிட்டயும் வெள்ளின்னுதான் சொன்னேன். அடுத்த வெள்ளாமையில யாருக்கும் தெரியாம மாத்திரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவளுக்கு இப்படி வந்துருச்சு. ஆத்தா மிஞ்சி கறுக்கணும்னு சொன்ன அன்னைக்கே நான் செத்துட்டேன்."

"வேற ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதான?"

"புதுசு போட்டா பழசு எங்கேன்னு ஆத்தா கேக்கும். ஏன் மாத்துறீகன்னு இவ கேப்பா."

"அப்ப யாராச்சும் ஒருத்தர்கிட்ட உண்மையச் சொல்லித்தான் ஆகணும். பொண்டாட்டிகிட்டச் சொல்றியா, ஆத்தாகிட்டச் சொல்றியா?"

அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். "ஆத்தாகிட்டயே சொல்லிர்றேன். ஆத்தா அடிக்கும், வையும். இவ ஒண்ணுமே சொல்ல மாட்டா. அதுதான்கா எனக்குப் பயமா இருக்கு."

அட, என்று நினைத்தேன். இந்தத் தலைகுனிந்த ஆளுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. "போ, இப்பவே போ" என்று நானே மாட்டைப் பூட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அவள் காலையிலேயே வேலிப் படலோரம் போய் நிற்பாள். கூட்டத்தோடு வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்ப்பாள். அரிசி தீர்ந்ததும் நான்தான் சோறு கொடுத்தேன். அதையும் பாதி வைத்துவிடுவாள். "என்னைய விட்டுட்டாக போல அக்கா" என்றாள் ஒரு நாள். அந்த வீட்டார் எல்லோரையும் நான் வாய்க்கு வந்தபடி வைதேன். நாமே கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயம்தான்.

பிறகு வண்டி வந்தது. ஓட்டி வந்தது யாரோ ஒரு வாடகை வண்டிக்காரன். உள்ளேயிருந்து காதில் பாம்படம் ஆட, கட்டையாய், கறுப்பாய் ஒரு அம்மாள் இறங்கினாள். இடுப்பில் பிள்ளை. மாமியார்காரி என்று சொல்லாமலே தெரிந்தது. என் வாசலில் நின்றுகொண்டு, "எங்க எம் மருமக?" என்று கேட்டாள். கேட்ட தோரணைக்கு நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகிவிட்டேன்.

மருமகள் ஊற்றிலிருந்து ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். இரண்டு கையும் தன்னால் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பிள்ளையைப் பார்க்கிறாள், பார்க்கிறாள், கிட்டே வரமாட்டேன் என்கிறாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அத்தை, மிஞ்சி இன்னும் கறுக்கலையே."

"அது கறுக்காதுடி" என்றாள் மாமியார். "வெள்ளியா இருந்தாத்தானே கறுக்கும்?"

சொல்லிவிட்டாளே என்று எனக்குத் திக்கென்றது. மாமியார் நிறுத்தவில்லை. "ஒம் புருசன் வந்து எங்காலப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ஏமாத்திட்டேன் ஆத்தாங்குறான். கூறுகெட்ட பய, அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கல்யாணத்துக்கு மொதநாளே கையில எடுத்துப் பாத்தேன். எந்த ஊரு வெள்ளிடா இதுன்னு கேக்க வாயெடுத்தேன். பெத்த பிள்ளை மூஞ்சி சுண்டிப்போய்க் கெடந்துச்சு. வாய மூடிக்கிட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப தெரிஞ்சேதான் கறுத்தா வான்னு சொன்னீகளா?" என்று கேட்டேன்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மழுப்பவில்லை. "ஆமா. கறுக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கறுக்காது, இவ வரமாட்டா, பிள்ளை தப்பிச்சுக்கிரும்னு சொன்னேன். பெருநோயின்னு நெனச்சேன் தாயி. எங்கூடப் பொறந்தவ அந்த நோயிலதான் போனா. கடைசியில அவள யாருமே தொடல. பெத்த ஆத்தாகூடத் தொடல. நானும் தொடல."

இடுப்பில் வைத்த கையை நான் எடுத்துவிட்டேன்.

மாமியார் மருமகளிடம் போனாள். முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்து, முழங்கை வரை தடவிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்கிறவள் மாதிரிதான் பார்த்தாள். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பிள்ளை அழுதானா அத்தை?" என்று மட்டும் அவள் கேட்டாள். வேறெதையும் கேட்கவில்லை.

"அழுதான். ரொம்ப அழுதான். அப்புறம் அழுகைய விட்டுட்டான்டி. யாரு சேலையக் கண்டாலும் எட்டிப் புடிச்சு இழுக்குறான், மூஞ்சிய அண்ணாந்து பாக்குறான், விட்டுர்றான். தெருவுல போற வாரவ சேலையெல்லாம் புடிச்சுப் பாக்குறான். அதத்தான் என்னால பாக்க முடியல. இந்தா, தொடு."

அவள் அசையவில்லை.

"தொடுடி!" என்று மாமியார் ஒரு அதட்டல் போட்டாள்.

அவள் ஒரு விரலை நீட்டிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். கால்விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு தூக்கப் போனாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீலென்று கத்திக்கொண்டு அப்பத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவளை அடையாளம் தெரியவில்லை பிள்ளைக்கு. நாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்கும், உடம்பெல்லாம் கந்தகம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. என் மகளை வாரி எடுத்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

குடிசையிலிருந்த சட்டி பானையை வண்டியில் ஏற்றினோம். மாமியார் மிஞ்சியைக் காட்டி, "போற வழியில சின்னமனூருல நல்லதா வாங்கிப் போட்டுக்கிரலாம், இதக் கழத்தி எறி" என்றாள்.

"வேணாம் அத்தை. இது அவுக போட்டது" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "அவுகள வையாதீக" என்றாள்.

"வைய எங்க நேரம்? மூஞ்சியக் காட்ட வெக்கமா இருக்குன்னு மாட்டுத் தொழுவத்துலயே கெடக்கான்" என்று சொல்லி மாமியார் வண்டியில் ஏறினாள். பிள்ளை அவள் மடியில். எத்தனையோ கெஞ்சியும் அவன் அம்மாவிடம் போகவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கையை விரித்துப் பிள்ளையின் முதுகில் வைத்துக்கொண்டாள். அவன் நெளிந்தான். அவள் எடுக்கவில்லை. வண்டி மருதமரம் தாண்டி, பஜ்ஜிக் கடைக் கூட்டத்துக்குள் நுழைந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

பிறகு அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. எந்தச் சேதியும் தெரியாது. பொட்டிப்புரம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை மடி மாறியிருப்பான் என்று அன்றைக்கு என் வீட்டுக்காரர் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு வரைக்கும் நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.